பாடநூலைக் கேள்வி கேட்கலாம், இயந்திரத்தை?

புதுதில்லி: வரலாற்றுத் தலைவர்களையும் நிகழ்ச்சிகளையும் "பொருத்துக" என்று வினாத்தாளில் கேட்கப்படும் கேள்விக்கு, செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் விடை தந்துவிடுகிறது. 9-ம் வகுப்பு மாணவர்களுக்கு இதையே ஒரு விருப்பப் பாடமாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-ல் அறிமுகம் செய்தது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இத்தொழில்நுட்பத்தை வரவேற்கிறது. ஆனால், பொருத்தம் சரிதானா என்று பார்ப்பது யார்?

தில்லியின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 1929 ஏப்ரல் 8-ம் தேதி, பொதுப் பாதுகாப்பு மசோதா குறித்து அவைத் தலைவர் தீர்ப்பளிக்க இருந்த வேளையில், பகத் சிங்கும் படுகேஸ்வர் தத்தும் மத்திய சட்டப்பேரவையில் குண்டு வீசினர். அவைத் தலைவர் பெயர் படேல். ஆனால் அவர் வல்லபபாய் அல்லர்; அவருடைய அண்ணன் விட்டல்பாய். அந்த வழக்கில் இருவருக்கும் கிடைத்தது ஆயுள்கால நாடு கடத்தல். பகத் சிங் 1931 மார்ச் 23-ல் தூக்கிலிடப்பட்டது, சாண்டர்ஸ் கொலை தொடர்பான லாகூர் சதி வழக்கில். தத் 1965 வரை உயிர் வாழ்ந்தார்.

எந்தச் சொல்லுடன் எந்தச் சொல் அதிகம் சேர்ந்து வருகிறது என்று பயின்ற இயந்திரம், படேல் என்றதும் வல்லபபாயையும், குண்டுவீச்சு என்றதும் தூக்குமேடையையும் இணைத்துவிட வாய்ப்பு உண்டு. தவறு செய்தாலும் அதன் நடையில் தயக்கம் தெரியாது.

பாடநூலின் நிலை வேறு. 2012 மே மாதம், 11-ம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் இடம்பெற்ற அம்பேத்கர் கேலிச்சித்திரத்தால் நாடாளுமன்றம் அமளியில் மூழ்கியது. அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கோரினார். தொடர்ந்து, ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம் குறித்த கேலிச்சித்திரத்தைத் தமிழகக் கட்சிகள் கண்டித்தன. 2023-ல் 12-ம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தனர். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். விவாதிக்க அச்சிட்ட பக்கம் ஒன்று இருந்தது, பதில் சொல்ல அமைச்சர் ஒருவர் இருந்தார்.

இயந்திரத்தின் விடைக்கு இரண்டும் இல்லை. ஒரே கேள்விக்கு இரு மாணவர்களுக்கு இருவேறு விடை வரலாம். எதைக் காட்டி ஓர் உறுப்பினர் அவையில் கேள்வி எழுப்புவது?

இதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. விடையை இயந்திரம் சொல்லட்டும். சான்றைத் தேடுவது மாணவரின் பயிற்சியாகட்டும். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 1946 டிசம்பர் 9-ம் தேதி முதல் கூட்டத்துக்குத் தாற்காலிகத் தலைவராக இருந்தவர் சச்சிதானந்த சின்ஹா என்பதையும், ராஜேந்திர பிரசாத் தேர்வானது டிசம்பர் 11-ல்தான் என்பதையும் பள்ளி மாணவரே அதில் கண்டறியலாம், ஆங்கிலம் தெரிந்திருந்தால்.

அதுதான் சிக்கல். விடை தமிழில் வந்துவிடுகிறது. அதைச் சரிபார்க்க வேண்டிய மூலப் பதிவுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. 1976-ம் ஆண்டின் 42-வது திருத்தத்துக்குப் பின் கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. வகுப்பறைக்குக் கருவியை அனுப்பும் முன், அந்தப் பதிவுகளை மாணவர்களின் மொழியில் தரும் பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்குமே உண்டு.