காட்டின் காலண்டரைப் பார்த்துக் கிளம்புங்கள்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை ஒட்டிய குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வார இறுதிக்கு வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் இளைஞர்கள். மலையிலேயே சிலர் கருகினார்கள். பலர் மருத்துவமனைகளில் நாள்கணக்கில் போராடி உயிர்விட்டார்கள். மொத்தம் 23 பேர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே ஓடிப்போய் டோலி கட்டித் தூக்கி வந்தவர்கள் குரங்கணி ஊர்மக்கள்தான்.

அனுமதி வாங்கியது குரங்கணி–டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனது கொழுக்குமலைக்கு என்று வனத்துறை அப்போது தெரிவித்தது. இந்தத் தகவலைச் சாதாரண விதிமீறலாகக் கடந்துவிட முடியாது. காட்டில் ஒருவர் காணாமல் போனால், தேடுபவர்கள் முதலில் போவது அவருடைய அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கும் பாதைக்குத்தான். பாதை மாறிய குழு, தன்னைக் காப்பாற்ற வருபவர்களையே வேறு மலைக்கு அனுப்பிவிடுகிறது.

அன்றைக்குத் தீ பரவிய விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் ஆள் மறையும் அளவுக்குப் புல் காய்ந்து நிற்கும். சமதரையைவிடச் சரிவில் தீ வேகமாக மேலேறும். கீழே எரியும் நெருப்பின் வெப்பமே மேலே இருக்கும் புல்லை முன்கூட்டி உலர்த்திப் பற்றத் தயாராக்கிவிடுகிறது. காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதக் கால்களால் அதை முந்த முடியாது. எனவே தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடக்கூடாது. புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம், நீரோடை இவற்றில் அருகிலிருப்பதைப் பக்கவாட்டில் நகர்ந்து அடைய வேண்டும். பாலியெஸ்டர் உடைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், கோடைக்காட்டுக்குப் பருத்தி உடையே பாதுகாப்பு.

இதைவிட எளிய பாதுகாப்பு, அந்தப் பருவத்தில் போகாமல் இருப்பது. நகரத்தில் பயணத் தேதியை முடிவுசெய்வது அலுவலக விடுமுறை. காட்டுக்கோ தனிக் காலண்டர் உண்டு. தமிழ்நாட்டில் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுகிறது. கொழுக்குமலைக்கு எதிரே மூணாறு பக்கம் இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படும். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. அதற்காக யாரும் நினைத்தபடி ஏறிவிட முடியாது. பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டும். நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்கா அந்த அளவுக்குக்கூடச் சுற்றுலாத்தலம் அல்ல. இன்ஸ்டாகிராமில் யாரோ போட்ட படம் உங்களுக்கு அனுமதி ஆகாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் நுழைய அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்கு அனுமதி தரச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எனவே முறையாகக் கேட்டுப் பெறுவதே வழி. உள்ளே காட்டுக்கு ஆபத்து நேரும் விதத்தில் தீ மூட்டுவது குற்றம். சமையலுக்கு மூட்டினேன், குளிருக்கு மூட்டினேன் என்பதெல்லாம் எடுபடாது. 2022 திருத்தத்துக்குப் பின், பொதுவான மீறல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

குரங்கணிக்குப் பிறகு அதே 2018 இல் தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. இணையத்தில் பதிவு செய்யலாம். அந்தந்த மலையின் பழங்குடியினரும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். புது யானைப் பிண்டத்தைக் கண்டதும் குழுவை நிறுத்தி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த அடி வைப்பவர்கள். அவர்கள் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும். கொடுத்த காசுக்குச் சிகரத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று அங்கே வாதாடுவது, தன் உயிரோடு வழிகாட்டியின் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

பாதையின் தரத்தைப் பார்ப்பவர்கள் தங்கள் உடம்பின் தரத்தைப் பார்ப்பதில்லை. கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறும் பக்தர்கள் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறப்பது அடிக்கடி நடக்கிறது; 2024 பருவத்தில் மட்டும் பலர் இறந்தார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடினப் பாதைக்குப் பதிவு செய்யக்கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு டிகிரிக்கு மேல் இறங்கும். நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் உடம்பு விறைக்கத் தொடங்கும்.

தண்ணீரையும் நம்பக்கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அருவியில் இறங்கும். ஓடை நீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ அந்த நொடியே கரையேற வேண்டும்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எல்லாமே கெடுதல். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தனியார் நிறுவனத்தோடு போகிறவர்களுக்கு உரிமைகள் உண்டு. பணம் கட்டும் முன் அனுமதிச் சீட்டைப் பார்க்கக் கேளுங்கள். அதில் உங்கள் பாதையும் தேதியும் இருக்க வேண்டும். காப்பீடு யார் பெயரில், எவ்வளவுக்கு என்று கேளுங்கள். வனத்துறை பாதையை மூடினால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். “எனக்கு எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு” என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் இழப்புக்குப் பிறகும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நிறுவனம் அலட்சியமாக நடந்திருந்தால், அந்தக் கையெழுத்து மட்டுமே அதைக் காப்பாற்றிவிடாது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். வழக்கில் உங்கள் பக்கம் பேசப்போவது அவைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. ஆனால் மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே எந்தப் பாதை, வழிகாட்டியின் எண், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரத்தில் அழைப்பு வராவிட்டால் காத்திருக்காமல் வனத்துறைக்கும் காவல்துறைக்கும் தகவல் தர வேண்டும் என்றும் அவரிடம் சொல்லிவையுங்கள்.