மூன்று தீபாவளி ஓடிய படமும் நான் பகிர்ந்த ஒரு படமும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பஃப்ளோ சாலையில் இருக்கும் தாத்தாவின் வீவக வீட்டுக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம். அப்பா கீழே தேக்கா சந்தையில் மீன் வாங்குவார். மேலே தாத்தா, யூடியூப்பில் பழைய படம் ஏதாவது போடச் சொல்லி எனக்காகக் காத்திருப்பார். சென்ற மாதம் அவர் கேட்ட படம் ‘ஹரிதாஸ்’.

கறுப்பு வெள்ளைப் படம், பேச்சைவிடப் பாட்டு அதிகம். பத்து நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால், பெற்றோரை வீட்டைவிட்டு விரட்டிய மகன், எல்லாவற்றையும் இழந்து, பிறகு அவர்கள் காலடியில் வந்து விழும் கட்டத்தில் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“எங்கப்பாவும் இவர் மாதிரியே முடி வளர்த்திருந்தாரும்மா,” என்றார். அந்தக் காலத்தில் அதற்குப் பெயரே ‘பாகவதர் கிராப்பு’. இன்றைய கொரிய நட்சத்திரங்களின் சிகையலங்காரத்தை என் நண்பர்கள் பின்பற்றுவதைப் போலத்தான்.

எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910ல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். படிப்பில் மனம் ஒட்டாமல் வீட்டைவிட்டு ஓடிய சிறுவனை அவருடைய தந்தை கடப்பாவில் கண்டுபிடித்தபோது, அவன் கூட்டத்தின் நடுவே பாடிக்கொண்டிருந்தான் என்று சொல்வார்கள். அதன்பின் மகன் பாடுவதைத் தந்தை தடுக்கவில்லை. நாடக மேடையில் அச்சிறுவனுக்குக் கிடைத்த முதல் வேடமும் ஒரு மகன் வேடம்தான்: அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன். 1934ல் ‘பவளக்கொடி’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1937ல் வந்த ‘சிந்தாமணி’யும் ‘அம்பிகாபதி’யும் பாடகரை உச்ச நட்சத்திரமாக்கின.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளியானது. சிங்கப்பூர் அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது. சென்னை பிராட்வே திரையரங்கிலோ படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதைப் பெருமையாகச் சொன்ன தாத்தா, சற்று நிறுத்தி, “ஆனா, அடுத்த ரெண்டு தீபாவளிக்கும் அவர் ஜெயில்ல இருந்தார்,” என்றார்.

நடந்தது இதுதான். லட்சுமிகாந்தன் என்பவர் ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையை நடத்திவந்தார். திரைக்கலைஞர்களின் அந்தரங்கத்தைப் பற்றிய அவதூறுகள்தாம் அதன் சரக்கு. மக்கள் அதைத் திட்டிக்கொண்டே வாங்கிப் படித்தார்கள். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, மறுபடியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

என்னை யோசிக்க வைத்தது ஒன்று. திரையரங்கில் பாகவதர் செய்த தவறுக்கு வருந்தி அழ, கூடவே அழுத ஊரும் ‘இந்து நேசன்’ வாங்கிய ஊரும் ஒன்றேதான்.

தொடக்கக் கல்லூரியில் எங்கள் சீனியர் ஒருவர் நன்றாகப் பாடுவார். கலைநிகழ்ச்சி முடிந்த வாரம், நுழைவுச்சீட்டுப் பணத்தில் சில நூறு வெள்ளியை அவர் எடுத்துவிட்டதாக ஒரு ‘ஸ்கிரீன்ஷாட்’ எனக்கு வந்தது. யார் எழுதியது என்றுகூடத் தெரியாது. சிரிக்கும் முகம் ஒன்றைச் சேர்த்து மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, கணக்கைக் கூட்டியதில்தான் பிழை என்று தெரிந்தது. அந்தச் செய்தியை நான் எந்தக் குழுவுக்கும் அனுப்பவில்லை. சீனியர் அதன்பின் கல்லூரி மேடையில் பாடவும் இல்லை.

விடுதலையான என்.எஸ். கிருஷ்ணன் மீண்டும் திரையில் சிரிக்க வைத்தார். பாகவதருக்கு அது அமையவில்லை. ‘ராஜமுக்தி’ (1948), ‘அமரகவி’ (1952), ‘சியாமளா’ (1952) என்று நடித்தும் பழைய கூட்டம் திரும்பவில்லை. வழக்கை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன். பாட்டைவிட வசனத்துக்குக் கைதட்டும் காலம் வந்துவிட்டது. 1952ல்தான் ‘பராசக்தி’யும் வெளிவந்தது. ஆனால், தாத்தா இதை ஏற்கவில்லை.

“கோர்ட்டு விட்டுடுச்சும்மா. சனங்க விட்டாங்களா? கடைசிவரைக்கும் ‘கொலை கேஸ் பாகவதர்’னுதானே பேசினாங்க.”

கோயில்களில் பாடிக்கொண்டிருந்த பாகவதர் 1959 நவம்பர் 1ஆம் தேதி காலமானார். வயது 49. இன்று என் அப்பாவின் வயதும் அதுதான். மீன் பையோடு அப்பா உள்ளே வந்தபோது அதைச் சொன்னேன். “அதுக்குள்ளயா?” என்று கேட்டுவிட்டு, தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பார்த்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்றிரவு, பெருவிரைவு ரயிலில் வீடு திரும்பும்போது சீனியருக்கு ஒரு குறுஞ்செய்தி எழுதினேன். நான்குமுறை அழித்து எழுதியும் ‘மன்னிச்சிடுங்க அண்ணா’ என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் வரவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி என்று மட்டும் சேர்த்தேன். மூன்று வாரம் ஆகிறது. அவர் படித்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்திருக்கிறது.

இன்னும் பதில் வரவில்லை.