கடைவாய்ப்பல் ஆன்லே

கடைவாய்ப்பல் ஆன்லே என்பது சொத்தை, உடைப்பு அல்லது தேய்மானத்தால் மேற்பகுதியை இழந்த கடைவாய்ப்பல்லைச் சீரமைப்பதற்காக, வாய்க்கு வெளியே வடிவமைத்துப் பல்லின்மேல் ஒட்டப்படும் பகுதி மூடி ஆகும். குழியை மட்டும் நிரப்பும் சாதாரண அடைப்புக்கும், பல்லைச் சுற்றிலும் மூடும் முழு உறைக்கும் (பேச்சுவழக்கில் 'கேப்') இடைப்பட்ட சிகிச்சை இது. பல்லின் நலமான பகுதியை இயன்றவரை விட்டுவைத்து, வலுவிழந்த முகடுகளை மட்டும் மூடுவதே இதன் அடிப்படை.

தூத்துக்குடிக் கடற்கரையில் சங்குகுளிப்போரைப் போலக் கடலில் மூழ்கித் தொழில் செய்வோருக்கு இச்சிகிச்சையில் தனிக் கவனம் தேவைப்படுகிறது. நீரின் அழுத்தம் ஏறி இறங்கும்போது, அடைப்புக்கோ உறைக்கோ அடியில் சிக்கியுள்ள காற்று வலியை உண்டாக்கலாம். சீரமைப்பைப் பெயர்த்தும் விடலாம்.

பிற சிகிச்சைகளிலிருந்து வேறுபாடு

கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பில் உணவை அரைப்பதற்கான மேடுகள் உள்ளன. இவை முகடுகள் எனப்படும். பெரும்பாலான கடைவாய்ப்பற்களில் நான்கு அல்லது ஐந்து முகடுகளும், முன்கடைவாய்ப்பற்களில் பொதுவாக இரண்டு முகடுகளும் இருக்கும். எந்த அளவு முகடு மூடப்படுகிறது என்பதைக் கொண்டே சீரமைப்பின் பெயர் அமைகிறது.

முகடுகளுக்கு இடைப்பட்ட குழியில் மட்டும் பொருந்துவது இன்லே. ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட முகடுகளையும் சேர்த்து மூடுவது ஆன்லே. எல்லா முகடுகளையும் மூடினால் அதை ஓவர்லே என்பர். மேற்பரப்புடன் பக்கச் சுவர்களையும் ஈறு வரை மூடுவது முழு உறை.

முழு உறை பொருத்த, பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டியுள்ளது. இதில் ஈறுக்கு மேலுள்ள பற்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை இழக்கப்படலாம் என்று அளவீடுகள் காட்டுகின்றன. ஆன்லேயில் இந்த இழப்பு மிகக் குறைவு. செதுக்கிய பல் திரும்ப வளராது என்பதால், பிற்காலத்தில் மறுசிகிச்சைக்கு வாய்ப்பு இருக்குமா என்பதையும் இவ்வேறுபாடே தீர்மானிக்கிறது. பழுதான ஆன்லேயை அகற்றி முழு உறை போடலாம். உறைக்காகச் செதுக்கிய பல்லில் ஆன்லே நிலைக்குத் திரும்ப முடியாது.

கடைவாய்ப்பல் உடைவதற்கான காரணங்கள்

பல்லின் வெளியடுக்கான பற்சிப்பி (எனாமல்) மனித உடலின் மிகக் கடினமான பொருள். ஆனால் அது நொறுங்கும் தன்மையுடையது. அதன் உள்ளே உள்ள டென்டின், சற்று வளைந்து கொடுத்து விசையைத் தாங்குகிறது. மேற்பரப்பின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் உள்ள வரம்புகள், முகடுகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கின்றன. சொத்தையாலோ பெரிய அடைப்புக்காகத் தோண்டியதாலோ இவ்விரு வரம்புகளும் போய்விட்டால், முகடுகள் தனித்து நிற்கும் சுவர்களாகிவிடும். இரு வரம்புகளையும் இழந்த பல்லின் விறைப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு குறைகிறது என்று 1989இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேர் சிகிச்சைக்காக மேலிருந்து துளையிடுவதால் மட்டும் குறைவது ஏறத்தாழ 5 விழுக்காடே. எனவே வேர் சிகிச்சை பல்லைப் பலவீனமாக்கிவிடும் என்ற பரவலான எண்ணம் முழுமையாகச் சரியன்று. அதற்கு முன்பே சொத்தை அழித்துவிட்ட வரம்புகளே பலவீனத்துக்கு முதன்மைக் காரணம்.

பாக்கு, எலும்பு, கடினமான முறுக்கு போன்றவற்றைக் கடிப்பதும், உறக்கத்தில் பல் கடிப்பதும் இத்தகைய சுவர்களில் விரிசலை உண்டாக்கும். நீண்ட காலம் வெற்றிலை பாக்கு மெல்லுவோரின் கடைவாய்ப்பற்களில் முகடுகள் தேய்ந்து மேற்பரப்பு தட்டையாகி, டென்டின் வெளிப்பட்டுக் கூச்சம் ஏற்படுவதும் உண்டு.

எப்போது பொருந்தும்

ஒன்று அல்லது இரண்டு முகடுகள் உடைந்திருந்து, மீதிச் சுவர்கள் நலமாக இருக்கும் பல்லுக்கு ஆன்லே ஏற்றது. பழைய பெரிய அடைப்பைச் சுற்றி விரிசல் விழுந்த பல், வேர் சிகிச்சை முடிந்தபின் மூடப்பட வேண்டிய பல், தேய்ந்து உயரம் குறைந்த பல் ஆகியவற்றுக்கும் இது பயன்படுகிறது.

உடைப்பு ஈறுக்குக் கீழே ஆழமாகச் சென்றிருந்தாலோ, ஓரங்களில் பற்சிப்பி எஞ்சவில்லை என்றாலோ, ஒட்டும் இடத்தை உலர்வாக வைக்க முடியாவிட்டாலோ ஆன்லே பொருந்தாது. விரிசல் வேர் வரை பிளந்துவிட்ட பல்லை எந்த மூடியாலும் காப்பாற்ற இயலாது. சிறிய குழிகளுக்கு ஆன்லே தேவையில்லை. நேரடி அடைப்பே போதுமானது.

பொருட்கள்

தங்கக் கலப்புலோகம் நீண்டகாலம் உழைப்பது. எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது. நிறமும் விலையும் காரணமாக இன்று அரிதாகவே பயன்படுகிறது.

லித்தியம் டைசிலிகேட் வகைப் பீங்கான் பல்லின் நிறத்தை ஒத்தது. அமிலத்தால் சொரசொரப்பாக்கிப் பல்லுடன் உறுதியாக ஒட்டக்கூடியது. இதற்குப் பொதுவாக 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் தேவை.

சிர்க்கோனியா எளிதில் உடையாத வலுவுடையது. ஆனால் பீங்கானைப் போல அமிலத்தால் சொரசொரப்பாவதில்லை. ஒட்டுவதற்கு வேறு முறை வேண்டும்.

கம்போசிட் விலை குறைந்தது, வாயிலேயே பழுதுபார்க்கலாம். பீங்கானை விட விரைவில் தேயும்.

செய்முறை

முதலில் எக்ஸ்ரே எடுத்து, சொத்தையின் ஆழமும் வேரின் நிலையும் அறியப்படுகின்றன. மரப்பு ஊசி போட்டபின் பழைய அடைப்பும் சொத்தையும் நீக்கப்படும். பற்கூழ் பாதிக்கப்பட்டிருந்தால் வேர் சிகிச்சை முதலில் முடிக்கப்படும். மெலிந்த முகடுகள் தேவையான அளவுக்குத் தாழ்த்தப்பட்டு, ஓரங்கள் வழவழப்பாக்கப்படும். வெளிப்பட்ட டென்டின்மீது உடனடியாக ஒட்டுப்பொருள் பூசி மூடுவது பின்னாளைய கூச்சத்தைக் குறைக்கிறது.

அடுத்து, அச்சுப்பொருளாலோ வாய்க்குள் செலுத்தும் ஸ்கேனராலோ பல்லின் வடிவம் பதிவு செய்யப்படும். ஆய்வுக்கூடத்தில் ஆன்லே தயாராவதற்குப் பொதுவாக ஒரு வாரம் அளவு ஆகும். அதுவரை பல்லின்மேல் தற்காலிக மூடி இருக்கும். கணினி வழிச் செதுக்கும் கருவி உள்ள இடங்களில் ஒரே அமர்வில் வேலை முடிவதும் உண்டு.

பொருத்தும் நாளில் எச்சில் படாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டப்படும். பற்சிப்பி பாஸ்பாரிக் அமிலத்தாலும், பீங்கானின் உட்புறம் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தாலும் நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கப்படும். பீங்கானில் சிலேன் பூசி, ரெசின் சிமெண்டால் ஒட்டி, ஒளி பாய்ச்சி இறுகச் செய்வர். இறுதியில் வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து, உயர்ந்து நிற்கும் புள்ளிகள் தேய்த்துச் சரிசெய்யப்படும்.

வரலாறு

தங்கத்தில் துல்லியமான இன்லேகளும் ஆன்லேகளும் செய்வது பரவலானது, அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907இல் தம் வார்ப்பு முறையை விளக்கிய பின்னரே. மெழுகில் வடிவம் செய்து, அதைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவது அம்முறை. சுவாமிமலைச் சிற்பியர் திருமேனிகள் வார்க்கப் பின்பற்றும் மெழுகு வார்ப்பின் தத்துவமும் இதுவே.

உலோக ஆன்லே, பல்லை இறுகப் பற்றும் வடிவத்தாலேயே நிலைத்து நின்றது. அதற்காக நலமான பகுதியையும் செதுக்க வேண்டியிருந்தது. 1955இல் மைக்கேல் புவனகோர் பற்சிப்பியை அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறையை வெளியிட்டது இந்நிலையை மாற்றியது. பல்லோடு வேதி ஒட்டுப்பொருளால் பிணைக்க முடிந்ததால், செதுக்கும் அளவு குறைந்தது. 1985இல் சூரிக்கில் கணினி வழிச் செதுக்கிய பீங்கான் சீரமைப்பு முதன்முதலில் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆர். அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கியது.

கடலில் மூழ்குவோரும் பல் சீரமைப்பும்

மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரை முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்றது. 'பார்' எனப்படும் கடலடித் திட்டுகளில் முத்துச்சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் அத்தொழில் நின்றுபோனது. சங்குகுளிப்பு இன்றும் தொடர்கிறது. தூத்துக்குடி திரேஸ்புரம் பகுதி அதற்கு அறியப்பட்ட இடம். மூச்சடக்கி மூழ்கும் பழைய முறையோடு, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றுப் பெற்று மூழ்கும் முறையும் வந்துள்ளது.

கடல்மட்டத்தில் உடல் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்குகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகவும், 20 மீட்டரில் மூன்றாகவும் உயரும். அழுத்தம் மும்மடங்கானால் வாயுவின் கன அளவு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். உடலின் நீர்ப்பகுதிகள் இதனால் பாதிக்கப்படுவதில்லை. காதுக்குள்ளும் முகத்தின் சைனஸ் அறைகளிலும், சில வேளை பல்லிலும் உள்ள காற்றே சுருங்கி விரிகிறது.

இவ்வாறு அழுத்த மாற்றத்தால் பல்லில் எழும் வலி அழுத்தப் பல்வலி எனப்படும். இரண்டாம் உலகப் போரின்போது உயரப் பறந்த விமானிகளிடம் இது பரவலாகக் கவனிக்கப்பட்டது. நலமான பல்லில் இது பெரும்பாலும் வருவதில்லை. மறைந்திருக்கும் சொத்தை, பற்கூழ் அழற்சி, வேர்முனைச் சீழ், ஓரம் கசியும் அடைப்பு ஆகியவற்றில் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அழுத்தம் அதை வெளிக்காட்டுகிறது.

வலி வரும் நேரம் காரணத்தைக் காட்டித்தரும். மேலே ஏறும்போது வரும் வலி பொதுவாக உயிருள்ள பற்கூழின் அழற்சியையும், இறங்கும்போது வரும் மந்தமான வலி இறந்த பற்கூழையும் குறிக்கும். மேல்தாடையின் கடைவாய்ப்பற்களின் வேர்கள் சைனஸ் அறைக்கு மிக அருகில் உள்ளன. ஆகவே சளி பிடித்திருக்கும்போது மூழ்கினால், பல மேற்பற்கள் ஒருசேர வலிப்பதாகத் தோன்றும். அப்போது குறை பல்லில் இல்லை. இதைப் பிரித்தறியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டால், பல் போன பின்னும் வலி தொடரும்.

ஓரம் கசியும் அடைப்பின் அடியில் உள்ள வெற்றிடத்துக்குள், கம்ப்ரசர் காற்றோடு நீண்ட நேரம் ஆழத்தில் இருக்கும்போது வாயு மெல்லப் புகலாம். மேலே வரும்போது அது விரிந்து, வெளியேற வழியின்றி அடைப்பைத் தள்ளுகிறது. இதனால் அடைப்பு பெயர்வதும் பல் சுவர் உடைவதும் உண்டு.

எந்தச் சிமெண்டால் ஒட்டப்பட்டது என்பதும் முக்கியமானது. முழு உறைகளைப் பல்லில் ஒட்டி, மூழ்குவதைப் போன்ற அழுத்த மாற்றத்துக்கு மீண்டும் மீண்டும் உட்படுத்திய சோதனையொன்று 1999இல் வெளியானது. அதில் துத்தநாக பாஸ்பேட், கண்ணாடி அயனோமர் ஆகிய சிமெண்டுகளால் ஒட்டியவற்றின் பிடிமானம் கணிசமாகக் குறைந்தது. ரெசின் சிமெண்டால் ஒட்டியவற்றில் அவ்வாறு குறையவில்லை. பீங்கான் ஆன்லேகள் வழக்கமாக ரெசின் சிமெண்டாலேயே ஒட்டப்படுவதால், வெற்றிடமின்றிப் பொருத்தினால் அவை மூழ்குவோருக்கும் ஏற்றவை.

சிக்கல் இடைப்பட்ட நாட்களில் உள்ளது. தற்காலிக மூடி வலுவற்ற சிமெண்டால் ஒட்டப்படுகிறது. அதனுடன் மூழ்கக் கூடாது. பெயர்ந்த மூடி மூச்சுக்குழலுக்குள் செல்லும் ஆபத்தும் உண்டு. கடலுக்குப் போனால்தான் வருமானம் என்ற நிலையில் உள்ளவருக்கு, ஒரு வாரம் கரையில் இருப்பது சிகிச்சைச் செலவோடு சேரும் மற்றொரு இழப்பு. பல்லைப் பிடுங்கிவிடுவது எளிதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பிடுங்கிய புண் ஆறும்வரையும் மூழ்கக் கூடாது. மேல்தாடையில் சைனஸ் அறை திறந்துகொண்டால் காத்திருக்கும் காலம் மேலும் நீளும். ஆகவே தாம் மூழ்கும் தொழில் செய்பவர் என்பதை நோயாளி முதல் நாளிலேயே பல் மருத்துவரிடம் சொல்வது பயன் தரும். ஒரே அமர்வில் முடியும் ஆன்லே, நேரடிக் கம்போசிட் சீரமைப்பு, கடலுக்குச் செல்லாத நாட்களில் சிகிச்சை ஆகியவற்றில் பொருத்தமானதை அப்போது தேர்ந்தெடுக்கலாம்.

ஆயுளும் பராமரிப்பும்

சரியாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்திய பீங்கான் ஆன்லேகளில் பத்தில் ஒன்பது அளவுக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. பீங்கான் உடைதல், ஒட்டு விடுதல், ஓரத்தில் மீண்டும் சொத்தை பிடித்தல் ஆகியவை தோல்விக்கான காரணங்கள்.

ஆன்லேக்குச் சொத்தை வராது. அதைச் சுற்றியுள்ள பல்லுக்கு வரும். ஆகவே புளோரைடு பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்குவதும், பல்லிடுக்குகளைப் பல்நூலால் தூய்மை செய்வதும் தேவை. பாக்கு கடிப்பதைத் தவிர்க்க வேண்டும். உறக்கத்தில் பல் கடிப்போர் இரவுக் காப்பு அணிவது நல்லது. கடித்ததும் சுருக்கென்று வலித்தாலோ, ஓரம் நாவில் தட்டுப்பட்டாலோ, உணவு புதிதாகச் சிக்கத் தொடங்கினாலோ உடனே காட்ட வேண்டும். மூழ்குவோர் அதற்குமுன் மீண்டும் கடலில் இறங்கக் கூடாது.