ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வர வேண்டும்? இரத்தக் கொதிப்புக்கு ஒரு கடைக்கணக்கு



வியாபாரிகளாகிய நாம் சரக்கு இருப்பைத் தினமும் பார்க்கிறோம். கல்லாவை எண்ணாமல் இரவு கடையைப் பூட்டுவதில்லை. ஆனால் 'உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு?' என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. 'எனக்குத் தலைவலி, மயக்கம் ஒன்றும் இல்லையே, எதற்குப் பார்க்க வேண்டும்?' என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலோருக்கு எந்த அடையாளமும் காட்டாமல் இருப்பதுதான் இந்த நோயின் குணம். அடையாளம் தெரியும்போது அது பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கோளாறாகவோ வந்து நிற்கும்.

இரத்தக் கொதிப்பு என்று பெயர் இருந்தாலும் இரத்தம் எதுவும் கொதிப்பதில்லை. கோபக்காரருக்கு மட்டும் வருவதும் அல்ல. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளரும்போது இருப்பது கீழ் எண். 120/80-க்குக் கீழ் இருந்தால் நல்லது. ஓய்வாக உட்கார்ந்து, வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை இரத்தக் கொதிப்பு என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

இதை விரைவாகக் குறைக்க முடியுமா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. முடியும். ஆனால் விரைவு என்றால் ஒரு மணி நேரம் அல்ல, ஒன்று முதல் நான்கு வாரம். முன்பெல்லாம் அழுத்தம் ஏறியவருக்கு நாக்கின் அடியில் மருந்து விட்டு உடனே இறக்கும் வழக்கம் இருந்தது. அப்படித் திடீரென இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தம் குறைந்து ஆபத்து வருகிறது என்று கண்டு, 1990-களின் நடுவில் மருத்துவ உலகம் அதைத் தவறென்று சொல்லிவிட்டது. எனவே 'அரை மணி நேரத்தில் பிரஷர் இறங்கும்' என்று யார் எந்தச் சரக்கை விற்றாலும் நம்ப வேண்டாம்.

உப்புக் கணக்கு

சில நாட்களிலேயே பலன் தெரியும் வழிகளில் முதலாவது உப்பைக் குறைப்பது. 2023-இல் அமெரிக்காவில் 50 முதல் 75 வயது வரையுள்ள 213 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு வாரம் உப்பு மிகுந்த உணவு, ஒரு வாரம் உப்பு மிகக் குறைந்த உணவு கொடுத்தார்கள். உப்பு குறைந்த வாரத்தில் மேல் எண் சுமார் 8 புள்ளி குறைவாக இருந்தது. மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் பலன் கிடைத்தது. அந்த அளவுக்கு உப்பை ஒதுக்குவது வீட்டில் நடக்காது. ஆனால் ஒரு வாரத்திலேயே உடம்பு பதில் சொல்லும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் நாட்டில் பெரும்பாலோர் இதைத் தாண்டித்தான் சாப்பிடுகிறோம். 5 கிராம் என்றால் ஒரு தேக்கரண்டி. சமையலறையில் தேக்கரண்டி வைத்து யாரும் அளப்பதில்லை. ஆகவே நமக்குப் பழக்கமான முறையில் கணக்குப் போடுவோம். வளர்ந்தவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், ரொட்டி, பிஸ்கெட் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்த 5 கிராமுக்குள்தான் அடக்கம். அதையும் சேர்த்தால் பாக்கெட் 60 நாளுக்கு மேலும் வர வேண்டும்.

உங்கள் வீட்டில் அடுத்த பாக்கெட்டை உடைக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். தீரும் நாளில் பார்த்தால் வீட்டின் கணக்குத் தெரிந்துவிடும். 30 நாளில் தீர்ந்தால், ஊறுகாய் போட்டது, மீன் கழுவியது போன்றவற்றைக் கழித்துப் பாருங்கள். மீதி உள்ளது நம் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.

குறைக்கும் வழி கடினமல்ல. சாதத்தில் உப்புப் போட்டு வடிப்பதை நிறுத்தலாம். இலையில் உப்பு வைப்பதையும், மோரில் உப்புக் கலக்குவதையும் விடலாம். குழம்பில் புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி கூடினால் உப்புக் குறைவு தெரியாது. முதல் சில நாள் சப்பென்றிருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய அளவே கரிக்கும்.

எந்த உப்பை விற்பது?

இதில் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. இந்துப்பு சாப்பிட்டால் பிரஷர் ஏறாது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அழுத்தத்தை ஏற்றும் சோடியம் அதிலும் ஏறக்குறைய அதே அளவு உள்ளது. அயோடின் சேர்க்காத இந்துப்பையே வீடு முழுவதும் சாப்பிட்டால் அயோடின் குறைவும் வரலாம். வாடிக்கையாளர் கேட்டால் கொடுப்போம். மருந்து என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருவது வேறு சரக்கு. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து இத்தகைய உப்பைச் சாதாரண உப்போடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-இல் முடிவு வந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். 'டாக்டரைக் கேட்டீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாக்கெட்டைக் கொடுப்பதே நல்ல வியாபாரம்.

அதிமதுரத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். இருமலுக்கு என்று அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பலவும் அப்படித்தான்.

அரிசி மேல் பழி வேண்டாம்

அரிசி வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. நல்ல மாத்திரைகள் வராத 1940-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், கடுமையான இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு உப்பில்லாத சோறும் பழமும் கொடுத்தே பலருக்கு அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். மருத்துவமனையில் வைத்துச் செய்த கடும் பத்தியம் அது. வீட்டில் செய்யக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சோற்றின் அளவையும் பார்க்க வேண்டும். ஆனாலும் இரத்தக் கொதிப்பு விஷயத்தில் சோற்றை விட, சோற்றோடு சேரும் உப்பே பெரிய குற்றவாளி என்பது இதில் விளங்குகிறது.

1997-இல் வெளியான இன்னொரு ஆய்வில், உப்பைக் குறைக்காமலே காய்கறி, பழம், கொழுப்பு நீக்கிய பால், பருப்பு வகைகளைக் கூட்டிக் கொடுத்தார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி வரை இறங்கியது. இரண்டு வாரத்திலேயே பலன் தெரிந்தது. இவற்றுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து ஊர் ஊராகக் காய்கறி லோடு போகிறது. சிறுமலை வாழையும் விருப்பாச்சி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. முருங்கைக்கீரை கொல்லையில் கிடைக்கிறது. வாங்கி விற்கும் நாம்தான் மதியம் கூட்டு பொரியலை ஒதுக்கி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அவசரமாகச் சாப்பிட்டு எழுகிறோம்.

கடை வாழ்க்கையில் மாற்ற வேண்டியவை

1. சிப்பந்திகள் மூட்டை தூக்குகிறார்கள். நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். கடை திறக்கும் முன் அரை மணி நேரம் வேகமான நடை, வாரத்தில் 5 நாளாவது வேண்டும். சித்தையன்கோட்டையில் விடியற்காலையில் நடக்க இடத்துக்குக் குறைவில்லை.

2. தொந்தி உள்ளவர்கள் எடையைக் குறைத்தால், ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு புள்ளி அழுத்தம் இறங்கும்.

3. மது அழுத்தத்தை ஏற்றும். பீடி, சிகரெட், புகையிலை இரத்தக் குழாயைக் கெடுக்கும். இதில் பாதிக் குறைப்பு என்ற பேரம் வேண்டாம்.

4. இரவு பதினொரு மணி வரை சிட்டை பார்த்துவிட்டு, நான்கு மணிக்கு லோடு இறக்க எழுந்தால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். வசூல் பேச்சைப் படுக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

5. ரமலான் நோன்பு வைப்பவர்கள் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும். நோன்பு திறக்கும்போது வடை, சமோசாவைக் குறைத்துப் பழங்களைக் கூட்டலாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

நம் வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், இரண்டு மாதம் நடந்து, பத்தியமும் இருந்தார். அழுத்தம் 130-க்கு வந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்தினார். ஆறு மாதம் சென்று, வசூலுக்குப் போன இடத்தில் பேச்சுக் குழறி, வலது கை தொங்கிவிட்டது. இன்று கல்லாவில் அவர் மகன் இருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். நடையும் பத்தியமும் மாத்திரைக்குத் துணை. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போய்ச் சேரும் நேரமும் அதில் அடக்கம். 180/120-க்கு மேல் இருந்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் இருந்தாலும் அப்படியே.

அளக்கும் முறையும் முக்கியம். டீ, புகை இல்லாமல் அரை மணி நேரம் இருந்து, முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை, மாத்திரையும் இலவசம்.

நமது ஒவ்வொரு கிளைச் சங்க அலுவலகத்திலும் கைப்பட்டை உள்ள ஒரு கருவியும், ஒரு நோட்டும் வைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஒரு மூட்டை அரிசியின் விலைக்குள் அது முடிந்துவிடும். மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் கையெழுத்துப் போடும் முன் அழுத்தத்தையும் பார்த்து எழுதட்டும். முதல் இல்லாமல் வியாபாரம் இல்லை. நமக்கு முதல் முதல் நம் உடம்புதான்.