தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்!

எங்கப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் 1990-ல் வேலைக்குச் சேர்ந்தவர். 2024-ல் 58 வயது முடிந்து ஓய்வு. அதற்கு எட்டு மாசம் முன்னால், வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து தாள்களை அடுக்கிப் பார்த்தேன். பகீரென்றது! பி.எஃப். கணக்கில் பிறந்த வருஷம் 1966, ஆதாரில் 1968. இனிஷியலும் வேறு. நாமினி இடத்தில் அம்மா பேரே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த பாட்டி பேர்தான் இருந்தது. பாட்டி காலமாகிப் பத்து வருஷமாச்சு!

"அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு" என்றார் அப்பா. நான் விடவில்லை. பள்ளிச் சான்றிதழைக் காட்டி ஆதாரைத் திருத்தினோம். மில் ஆபீசில் கையெழுத்து வாங்கி பி.எஃப். கணக்கைச் சரிசெய்தோம். அம்மாவை நாமினியாகப் பதிந்தோம். மூணு மாசம் அலைச்சல். வேலையில் இருந்ததால் கையெழுத்து சுலபமாகக் கிடைத்தது.

58 முடிந்ததும் 10-டி படிவம் கொடுத்தோம். பென்ஷன் தடங்கலில்லாமல் வந்தது. பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் இந்த மாதப் பென்ஷன். அதனால் கம்பெனி மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் கணக்கை மாற்றிக்கொள்வது நல்லது.

இன்னொன்று: ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர், வருஷம் 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் உண்டு. அம்மாவின் சர்க்கரை மாத்திரை இப்போது அங்கேதான் வாங்குகிறோம்.

தோழிகளே, இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்களேன்!

- ஒரு வாசகி, கோவை.