பயிர்க்காவல் துவக்கு: கோப்பு எங்கே நிற்கிறது?

காலபோக நெல் பால் பிடிக்கத் தொடங்கினால் வன்னியில் காட்டோரக் கமக்காரருக்கு இரவு நித்திரை இல்லை. ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணி, செட்டிகுளம், அக்கராயன் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பாடுதான். தாயும் குட்டிகளுமாக வரம்பை உடைத்துக்கொண்டு பன்றி இறங்கும். கதிரைச் சப்பிச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். தின்று அழிப்பதைவிட மிதித்தும் புரண்டும் அழிப்பதுதான் கூட. விடியப் போய்ப் பார்த்தால் நெல் சேற்றோடு சேர்ந்து பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடக்கும். அதை வெட்டு மெசினும் தூக்காது, ஆள் விட்டு அரிவித்தாலும் கூலிக்குக் கட்டாது. கச்சான் தோட்டம் என்றால் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கிண்டிவிட்டுத்தான் போகும்.

இரவெல்லாம் காவல் கொட்டிலில் தகரம் தட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: பயிரைக் காக்க ஒரு துவக்கு. கேட்டு எழுதிக் கொடுத்தவர்களில் பலர் அடுத்த காலபோகத்துக்கும் அதே கொட்டிலில், அதே தகரத்தோடுதான் இருக்கிறார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டதா, ஏற்கப்பட்டதா, எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றாலும் பல தடவை திருத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மிகவும் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் துவக்கு வைத்திருக்க முடியாது. அந்தப் பத்திரமும் ஓர் ஆண்டுக்குத்தான். டிசெம்பர் 31உடன் முடிந்துவிடும். தற்பாதுகாப்புக்கென்று கொடுக்கப்படும் துப்பாக்கிகள் நேரே பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கின்றன. பயிர்ப் பாதுகாப்புக்கான சொட்கன் விடயத்தில் கமக்காரர் போக வேண்டிய இடம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். ஆனாலும் அமைச்சின் கொள்கைக்கும் அனுமதிக்கும் உட்பட்டுத்தான் கச்சேரி எதையும் செய்ய முடியும். தோட்டா வாங்குவதற்கும் அனுமதியும் அளவும் உண்டு.

விண்ணப்பம் பொதுவாகக் கிராம அலுவலரிடம் தொடங்கும். பயிர் செய்கிறார் என்பதைக் கமநல சேவை நிலையம் உறுதிப்படுத்த வேண்டும். பொலிஸ் அறிக்கை வேண்டும். பிரதேச செயலகத்தின் சிபாரிசு வேண்டும். இதில் எந்த ஒரு படியையும் வேண்டாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் கோப்பு எத்தனை நாள் இருக்கலாம் என்று கமக்காரருக்குச் சொல்லப்படுவதில்லை. ஓர் அலுவலர் இடமாற்றமாகிப் போனால், வந்தவர் முதலிலிருந்து பார்ப்பார். ஐப்பசியில் விதைப்பு, மாசியில் அரிவி வெட்டு. இந்த இடைவெளிக்குள் வராத அனுமதி அந்த ஆண்டுக்கு உதவாது.

வன்னியில் இதற்கு மேலும் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. முதலாவது காணிப் பத்திரம். பயிர்க்காவல் துவக்குக் கேட்பவர் காக்க வேண்டிய பயிர்நிலம் தன்னுடையது என்று காட்ட வேண்டும். இங்கே பெரும்பகுதி மக்கள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளில் இருப்பவர்கள். இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வாக 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் உயிரோடு வந்ததே பெரிது; பத்திரப் பையைக் கொண்டுவந்தவர்கள் குறைவு. தகப்பன் பெயரில் இருந்த பேமிற் மகன் பெயருக்கு மாறாத காணிகளும் ஏராளம். காணிக் கிளையில் ஒரு கோப்பு முடியாமல் துவக்குக் கோப்பு நகராது.

இரண்டாவது முடிச்சு சந்தேகம். போருக்கு முன்னர் வன்னியில் அனுமதித் துவக்கு வைத்திருந்த கமக்காரர் இருந்தார்கள். 80களில் நிலைமை மோசமானபோது வடக்கில் அவற்றை ஒப்படைக்கச் சொன்னார்கள். வேறு பல துவக்குகளை இயக்கங்கள் வாங்கிக்கொண்டு போயின. போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் இன்று வயல் செய்கிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் ஒருவர் ‘எனக்குத் துவக்கு வேண்டும்’ என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கே மனத்துணிவு வேண்டும். விசாரணைக்கு யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்ற பயத்தில் பேசாமல் இருந்துவிடுகிறவர்களைக் குறைசொல்ல முடியாது.

கைமாற்றம் இன்னொரு சிக்கல். துவக்கு, மாடு கன்றுபோல் தகப்பனுக்குப் பின் பிள்ளைக்குத் தானாகப் போய்ச் சேரும் சொத்து அல்ல. அனுமதி ஆளுக்குத்தான். உரிமையாளர் இறந்தால் குடும்பத்தார் அறிவித்துத் துவக்கைக் கையளிக்க வேண்டும். பிள்ளை தன் பெயரில் புதிதாகத் தகுதி காட்டி அனுமதி பெற்றால்தான் அது திரும்பி வரும். இது தெரியாமல், அப்பாவின் நினைவாக வீட்டு முகட்டில் துவக்கை வைத்திருக்கும் பிள்ளை சட்டப்படி அனுமதியற்ற ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். செத்தவீட்டுக் காரியங்களுக்கு நடுவே இதை எடுத்துச் சொல்ல வேண்டியது கிராம அலுவலரின் கடமை.

அனுமதி வராத இடத்தில் வேறு என்ன வருகிறது என்பதுதான் இந்த விடயத்தில் என்னை அதிகம் வருத்துவது. பன்றிப் பாதையில் கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். அது பன்றி, மாடு, விறகுக்குப் போன மனிதர் என்று ஆள் பார்ப்பதில்லை. இழுபட்டது எதுவோ அதன்மேல் வெடிக்கும். குழாயில் மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கு, சுடுகிறவரின் கையிலும் முகத்திலுமே வெடித்துவிடுவதுண்டு. வேலியில் திருட்டு மின்சாரம் கொடுத்து அயல்வீட்டுக்காரர் செத்த செய்திகளும் வருகின்றன. தீனிக்குள் வைக்கும் பன்றிவெடியை யானைக்குட்டி கடித்தால் வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் துடித்துச் சாகும். இந்த நாட்டில் யானைகளைக் கொல்லும் முக்கிய காரணங்களில் இந்த வெடியும் ஒன்று. கட்டுத்துவக்குக்குக் கிராம அலுவலர் சிபாரிசு இல்லை, பொலிஸ் அறிக்கை இல்லை, இலக்கம் இல்லை. தாமதத்தால் ஆயுதம் குறையவில்லை, கணக்கில் இல்லாத ஆயுதம்தான் கூடியிருக்கிறது.

அரசின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. யானைகள் சூடுபட்டும் சாகின்றன. அனுமதித் துவக்கு வேட்டைக்கும் குற்றத்துக்கும் போன சம்பவங்கள் உண்டு. தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காக 2024 நவம்பருக்குள் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. அதில் பிழை காண முடியாது. துவக்கு எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 5 நிமிடம் நாடெங்கும் எடுத்த கணக்கெடுப்பு, குரங்குகள் 50 இலட்சத்துக்கு மேல், மயில்கள் 40 இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டது. இத்தனையையும் சொட்கனால் விரட்ட முடியாது. மயிலைச் சுடவும் கூடாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் துவக்கு வேண்டும் என்பதல்ல என் வாதம். கேரளத்தில் 2022 முதல், பயிரழிக்கும் பன்றியைச் சுடுவிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். அனுமதித் துவக்கு வைத்திருப்பவர்களைப் பஞ்சாயத்து தெரிந்தெடுத்துப் பயன்படுத்துகிறது. தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் காப்புக் காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்து நிலத்தை மூன்றாகப் பிரித்தது. 3 கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்றது. வன்னியில் கமக்காரர் அமைப்புகள் ஊர்தோறும் இருக்கின்றன. ஓர் அமைப்புக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் பெயரில், அரிவி வெட்டு முடிந்ததும் பொலிஸில் ஒப்படைக்கும் நிபந்தனையோடு ஒரு துவக்கு என்று யோசிக்கலாம். 100 விண்ணப்பம் பார்க்க வேண்டிய கச்சேரிக்குப் பத்தைப் பார்ப்பதோடு வேலை முடியும்.

இப்போது காத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எனது விண்ணப்பம் எந்தத் திகதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, இப்போது எங்கே இருக்கிறது, இன்னும் என்ன ஆவணம் தேவை? கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வடக்கில் தமிழ் நிர்வாக மொழி; சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி கேட்பதும் உங்கள் உரிமை. ஏற்கெனவே அனுமதி உள்ளவர்கள் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதங்கள் வயல்வேலை நெருக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் வருகின்றன. முதல் விதைப்போடேயே அதை முடித்துவிடுங்கள்.