அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் வயது

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பகுதியில் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் செங்குத்துச் சுவர்களில், தடித்து வளைந்த சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடக்கின்றன. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து இந்தியாவின் கிழக்குக் கரை உருவான பின், கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் பலமுறை இப்பகுதிக்குள் ஏறி இறங்கியதன் எச்சங்கள் இவை. 1840களில் கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இவ்வட்டாரத்தில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார், 1862இல் எச். எஃப். பிளான்ஃபோர்ட் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்.

இத்தகைய பாறைக்கு வயது கணிப்பது எளிதன்று. கதிரியக்கக் கார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் பயன்படாது. ஆகவே, குறுகிய காலமே வாழ்ந்து உலகின் பல கடல்களிலும் பரவியிருந்த உயிரினங்களின் எச்சங்களையே, அதாவது வழிகாட்டிப் புதைபடிவங்களையே, ஆய்வாளர்கள் முதலில் தேடுகின்றனர். சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. அவற்றின் இனங்கள் விரைந்து தோன்றி விரைந்து மறைந்ததால், ஒரே இனம் கிடைக்கும் இரு நாட்டுப் படிவுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை எனக் கொள்ளலாம். ஆனால் இவ்வழியில் தெரிவது வரிசைதானே தவிர, ஆண்டுக்கணக்கு அன்று. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அம்மோனைட் படிவுகளுக்கிடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் அமைந்திருப்பதும், அச்சாம்பலின் படிகங்களில் நிகழும் கதிரியக்கச் சிதைவை அளக்க முடிவதும்தான் அந்த வரிசைக்கு எண்களைத் தந்தன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டு பழமையானது என்று கூறப்படுவதன் பின்னே இப்படி வேறு கண்டத்திலிருந்து கடன்வாங்கிய கணக்கும் இருக்கிறது.

சிப்பிகள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தாலும் அவற்றின் வடிவம் நெடுங்காலம் அதிகம் மாறாததால், வழிகாட்டிகளாக அவை அம்மோனைட்டுகளுக்கு ஈடாகா. எனினும் அவற்றுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்னும் எளிதில் கரையும் சுண்ணக் கனிமத்தால் ஆனது. பல இடங்களில் ஓடு கரைந்து அச்சு மட்டுமே மிஞ்சுகிறது. சிப்பியின் ஓடோ உறுதியான கால்சைட். கடல்நீரில் ஸ்ட்ரான்சியத்தின் இரு ஐசோடோப்புகளுக்கிடையேயான விகிதம் காலந்தோறும் மெல்ல மாறிவந்துள்ளதாலும், ஓடு வளரும்போது அவ்விகிதம் அதில் பதிந்துவிடுவதாலும், அதை அளந்து உலகப் பொது வரைகோட்டுடன் ஒப்பிட்டு வயதை மதிப்பிட இயலும். மண்ணடியில் ஊறிய நீரால் மறுபடிகமாகிய ஓடு தவறான விடையே தரும் என்பதால், நுண்ணோக்கியில் பார்த்து, மெல்லிய தகடடுக்குகள் குலையாத ஓடுகளை மட்டுமே ஆய்வுக்கு எடுக்கின்றனர்.